துண்டுத் தாளில் ஒரு திமிங்கிலம்

பென்சிலால் இழுத்த ஒரு நீளக் கோடு. அதுதான் முதுகு. வாய் திறந்திருக்கும், கண் வட்டமாக இருக்கும், வால் மேலே மடங்கியிருக்கும். சில படங்களில் முதுகின்மேல் ஒரு பெரிய பறவை நகங்களைப் பதித்து நிற்கும், பக்கத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு பாம்பும் இருக்கும். இது எதில் வரையப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பள்ளி நோட்டுத் தாள், கடித உறையின் பின்பக்கம், மளிகைப் பையைக் கிழித்த பழுப்புத் தாள், இப்படி ஏதாவது ஒன்று. கனடாவின் மேற்கு ஓரத்தில், வான்கூவர் தீவின் பசிபிக் கரையில் வாழும் நூச்சாநுல்த் மக்களின் திமிங்கிலப் படங்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இவற்றைப் பார்க்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது "சும்மா கிறுக்கியிருக்கிறார்கள்" என்பதுதான். பொழுது போகாதபோது நாமும் போனில் பேசிக்கொண்டே பூவும் கட்டமும் வரைவோம் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் இந்தத் திமிங்கிலம் அப்படிப்பட்ட திமிங்கிலம் இல்லை. அது ஏன் என்று புரிய, கொஞ்சம் கடலுக்குள் போய் வர வேண்டும்.

முதலில் பெயர் விஷயத்தை முடித்துவிடுவோம். பழைய புத்தகங்களில் இவர்கள் "நூட்கா" என்று இருப்பார்கள். 1778 மார்ச்சில் கேப்டன் ஜேம்ஸ் குக் கப்பலோடு வந்து சேர்ந்தபோது ஏற்பட்ட குழப்பம் அது. "சுற்றிக்கொண்டு வா" என்கிற மாதிரி எதையோ கரையிலிருந்தவர்கள் சொல்ல, வந்தவர் அதையே ஊர்ப் பெயராக எழுதிக்கொண்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். இருநூறு வருடம் அந்தத் தப்பான பெயரோடு இருந்துவிட்டு, 1970களின் கடைசியில் நூச்சாநுல்த் என்ற பெயரை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். மலைகளும் கடலும் நெடுக வாழ்பவர்கள் என்று பொருள். இன்று இவர்களின் பழங்குடி மன்றத்தில் 14 சமூகங்கள் இருக்கின்றன. கடலிடுக்கைத் தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் மக்கா இனத்தவர் இவர்களுக்கு மொழியாலும் தொழிலாலும் நெருங்கிய உறவு.

தொழில் என்றால் திமிங்கில வேட்டை. வடமேற்குக் கரையில் எத்தனையோ இனங்கள் கடலை நம்பி வாழ்ந்தன, சால்மன் பிடித்தன, சீல் வேட்டையாடின. ஆனால் படகில் துரத்திப் போய்ப் பெரிய திமிங்கிலத்தைக் குத்தி, கரைக்கு இழுத்து வருவதை முறையான தொழிலாகவே செய்தவர்கள் இந்த உறவுக் கூட்டம்தான்.

எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படத்தில் வரும் ஒவ்வொரு கோட்டுக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. ஒரே செடார் மரத்தைக் குடைந்து செய்த, சுமார் பத்து மீட்டர் நீளப் படகு. அதில் எட்டு பேர். முன் அணியத்தில் ஹார்பூன் ஈட்டியோடு தலைவர், பின்னால் சுக்கான் பார்ப்பவர், நடுவில் துடுப்புப் போடும் ஆறு பேர். ஈட்டியின் தண்டு யூ மரத்தில் செய்தது, நான்கைந்து மீட்டர் நீளம். சினிமாவில் காட்டுகிற மாதிரி அதைத் தூரத்திலிருந்து வீச முடியாது, அவ்வளவு கனம். அப்படியானால்? திமிங்கிலத்துக்குப் பக்கத்திலேயே, கையெட்டும் தூரத்துக்குப் படகைக் கொண்டுபோய், நேராகக் குத்த வேண்டும். ஈட்டி முனை பெரிய மட்டிச் சிப்பியை உரசிக் கூராக்கியது. அதன் இரு பக்கமும் எல்க் மான் கொம்பில் செய்த முள், எல்லாவற்றையும் சேர்த்து ஒட்ட ஸ்ப்ரூஸ் மரப் பிசின். குத்தியதும் முனை உடம்பிலேயே தங்கிவிடும், தண்டு மட்டும் கழன்று வந்துவிடும். முனையிலிருந்து போகிற கயிற்றில் சீல் தோலை முழுசாக உரித்து, காற்று ஊதிக் கட்டிய மிதவைகள். சுமார் 30 டன் எடையுள்ள ஒரு சாம்பல் திமிங்கிலம் முங்கப் பார்க்கும், மிதவைகள் மேலே இழுக்கும். இந்த இழுபறியில் அது களைத்துப் போவதுதான் வேட்டையின் சூட்சுமம்.

அது செத்த பிறகும் வேலை முடியாது. வாய் திறந்தே இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து உடல் மூழ்கிவிடும். அதனால் ஒருவர் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் குதித்து, திமிங்கிலத்தின் வாயைக் கயிற்றால் தைத்து மூடுவார். வாயைத் தைப்பது! இதைப் படித்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை.

இவ்வளவும் வேட்டையின் வெளிப்பக்கம். உள்பக்கம் இன்னும் பெரிசு. தலைவர் பல மாதங்கள் முன்பிருந்தே விரதம் இருப்பார். விடியாத நேரத்தில் குளிர்ந்த குளத்தில் இறங்கி, ஹெம்லாக் மரக் கிளையால் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பார். திமிங்கிலம் எப்படி மெதுவாக எழுந்து, மூச்சு விட்டு, அமைதியாக முங்குமோ அதே மாதிரி தண்ணீரில் அசைவார். அவர் கடலில் இருக்கும் நேரம் முழுக்க, மனைவி வீட்டில் அசையாமல் படுத்திருப்பார். அவர் புரண்டால் திமிங்கிலமும் புரளும், அவர் அமைதியாக இருந்தால் அதுவும் கரையை நோக்கி அமைதியாக வரும் என்று நம்பிக்கை. அதாவது அந்த வேட்டையில் பாதி வீட்டுக்குள்ளேயே நடந்தது. கரைக்கு வந்த பிறகு, முதுகின் நடுத் துண்டு தலைவருக்கு. அதைத் தொங்கவிட்டு, கழுகு இறகால் அலங்கரித்து, ஒரு விருந்தாளியைப் போல மரியாதை செய்வார்கள். வந்தது இரை அல்ல, தன்னையே கொடுக்க வந்த பெரியவர் என்கிற பாவனை. அவர்கள் மொழியில் திமிங்கிலத்துக்கு ஈஹ்டூப் என்று பெயர். அதற்குப் பெரிய மர்மம் என்று பொருள் சொல்கிறார்கள்.

இப்போது படத்துக்குத் திரும்பலாம்.

மேலே நிற்கும் பறவை இடிப்பறவை. மலை உச்சியில் வசிக்கும், பசித்தால் இறங்கி வந்து திமிங்கிலத்தைத் தூக்கிக்கொண்டு போகும். அது இறக்கையை அடித்தால் இடி. பக்கத்தில் இருக்கும் பாம்பு மின்னல் பாம்பு. இடிப்பறவை அதை இடுப்பில் கட்டியிருக்கும், வேட்டையின்போது கழற்றித் திமிங்கிலத்தின்மேல் எறியும். ஆகவே பாம்புதான் அந்தப் பறவையின் ஹார்பூன். கடலில் தலைவர் செய்வதை வானத்தில் இடிப்பறவை செய்கிறது, அல்லது இடிப்பறவையிடம் கற்றதைத் தலைவர் செய்கிறார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், கிழிந்த தாளில் இருக்கும் மூன்று உருவமும் ஒரு முழு வேட்டை என்பது தெரியும். படகு, ஆள், கயிறு, மிதவை எதையும் வரையத் தேவையே இல்லை.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. 1700 ஜனவரி 26 இரவு, அந்தக் கரையோரக் கடலடியில் ஏறக்குறைய 9 அளவுள்ள நிலநடுக்கம் ஒன்று நடந்தது. நம்மை 2004ல் தாக்கியதே, அதே வகை. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நழுவி, கடல் கிளம்பி வந்தது. தேதி எப்படித் தெரியும் என்றால், பசிபிக்கைக் கடந்து ஜப்பானுக்குப் போன அந்த அலையை, நிலநடுக்கமே இல்லாமல் வந்த அனாதை சுனாமி என்று ஜப்பானியர் எழுதி வைத்திருந்தார்கள். 1990களில் ஆய்வாளர்கள் இரண்டையும் இணைத்தார்கள். ஆனால் வான்கூவர் தீவின் பச்சீனா விரிகுடாவில் இருந்த ஊர் ஒரே இரவில் கடலோடு போன கதை, அங்கே வாய்மொழியாக அதுவரைக்கும் சொல்லப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. அந்தக் கரை நெடுகிலும், இடிப்பறவையும் திமிங்கிலமும் மல்லுக்கட்டியதில் நிலம் ஆடியது, கடல் ஏறியது என்னும் கதைகள் இருக்கின்றன. நில அதிர்வு ஆய்வாளர்கள் இப்போது அவற்றைத் தேடித் தொகுத்துப் படிக்கிறார்கள். "கட்டுக்கதை" என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாகப் போட்டுவிடுகிறோம் பாருங்க.

தாள் வருவதற்கு முன்னால் இந்தப் படம் எங்கெல்லாம் இருந்தது? தொப்பியில் இருந்தது. ஸ்ப்ரூஸ் வேரையும் செடார் பட்டையையும் புல்லையும் பின்னிச் செய்த, உச்சியில் வெங்காயம் மாதிரி குமிழ் வைத்த கூம்புத் தொப்பி. அதில் படகும், ஈட்டியோடு நிற்கும் ஆளும், கயிறும், திமிங்கிலமும் பின்னலிலேயே வரும். குக்கின் கூட்டத்தார் அப்படிப்பட்ட தொப்பிகளை வாங்கிப் போனார்கள். வேட்டைத் தலைவர்கள் மட்டுமே போடக்கூடிய தொப்பி அது. பிறகு மரத்தில் இருந்தது. மக்கா இனத்தவரின் ஓசெட் என்ற ஊர் பல நூற்றாண்டு முன்பு மண்சரிவில் அப்படியே புதைந்துபோக, 1970களில் அதைத் தோண்டினார்கள். அங்கே கிடைத்தது செடாரில் செதுக்கிய ஒரு திமிங்கில முதுகுத் துடுப்பு, அதில் 700க்கு மேற்பட்ட கடல் நீர்நாய்ப் பற்கள் பதித்திருந்தன. அடுத்து, விழாக் காலத்தில் வீட்டுக்குள் நிறுத்தும் வர்ணம் தீட்டிய பலகைத் திரைகள். 19ஆம் நூற்றாண்டில் கடைத்துணி வந்ததும் பலகை துணியாக மாறியது. சாதாரணக் காடாத் துணியில், சுவர் அளவுக்கு இடிப்பறவையும் திமிங்கிலமும். இந்தத் திரைச்சீலைகளைத்தான் நூச்சாநுல்த் ஓவியத்தின் உச்சம் என்று நான் சொல்வேன்.

கலை வரலாற்றுப் புத்தகங்கள் ரொம்ப நாள் அப்படிச் சொல்லவில்லை. 1965ல் பில் ஹோம் எழுதிய புத்தகம் வடமேற்குக் கரை ஓவியத்துக்கு ஒரு இலக்கணமே வகுத்தது. தடித்து மெலிந்து ஓடும் கோடு, அதற்குள் அடங்கும் முட்டை வடிவம் என்று. அருமையான புத்தகம்தான். ஆனால் அது அளந்தது வடக்கே இருக்கும் ஹைடா, ட்லிங்கிட் போன்றோரின் பாணியை. நூச்சாநுல்த் கை இன்னும் கட்டற்றது. கோடு நேராகவும் போகும், வளையவும் செய்யும், புள்ளி வரும், காலி இடம் நிறைய விடும். வடக்கத்தி இலக்கணத்தை வைத்து இதை அளந்தால் குறைபட்டதாகத்தான் தெரியும். வேறொரு மொழியின் இலக்கணத்தை வைத்துத் தமிழைத் திருத்தப் போகிற மாதிரி.

தாள் விஷயம் சூடுபிடிப்பது 1880களுக்குப் பிறகு. ஒரு பக்கம் கனடா அரசு பாட்லாட்ச் விழாவையே தடை செய்தது. பெயர் சூட்டல், கல்யாணம், பட்டம் ஏற்பு எல்லாவற்றுக்கும் ஊரைக் கூட்டி, விருந்து வைத்து, வந்தவர்களுக்குப் பொருளை வாரிக் கொடுக்கும் விழா அது. திரைச்சீலை தொங்குவதும் தொப்பி போடுவதும் அங்கேதான். 1885லிருந்து 1951 வரை அது குற்றம். இன்னொரு பக்கம் திமிங்கிலமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வணிகக் கப்பல்கள் மெக்சிகோ வரைக்கும் போய்ச் சாம்பல் திமிங்கிலத்தைக் கொன்று தீர்த்தன. 1905ல் இவர்களின் பார்க்லி கடற்பகுதியிலேயே சீச்சார்ட் என்ற இடத்தில் நவீன திமிங்கிலத் தொழிற்சாலை திறந்தார்கள், 1907ல் கயூக்வாட்டில் இன்னொன்று. மூன்றாவது பக்கம் அருங்காட்சியகங்கள். யூக்வாட்டில் வேட்டைத் தலைவர்கள் சடங்கு செய்த கோவில் ஒன்று இருந்தது. 88 மர மனித உருவங்கள், 4 மரத் திமிங்கிலங்கள், 16 மண்டை ஓடுகள். ஃப்ரான்ஸ் போவாஸுக்காக ஜார்ஜ் ஹன்ட் என்பவர் அதை 500 டாலருக்குப் பேசி முடித்து, ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் சீல் வேட்டைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, 1905 வாக்கில் மொத்தமாக நியூயார்க்குக்கு அனுப்பினார். கூட்டம் கூட முடியாது, வேட்டைக்குப் போக முடியாது, கோவிலும் போச்சு.

மிஞ்சியது என்ன? பாட்டு, பெயர், கதை, கையில் இருக்கும் கோடு. துணியைச் சுருட்டி ஒளிக்கலாம். தாளை மடித்தால் சட்டைப்பைக்குள் போய்விடும், தேவையானால் அடுப்பிலும் போட்டுவிடலாம். தாத்தா ஒருவர் பேரனுக்கு "நம்ம வீட்டுத் திமிங்கிலத்துக்கு வால் இப்படி" என்று காட்ட ஒரு உறையின் பின்பக்கம் போதும். இது என் வாசிப்பு. ஆனால் தடைக்காலத்தை வைத்துப் பார்க்கும்போது துண்டுத் தாளை வெறும் ஏழ்மையாக என்னால் பார்க்க முடியவில்லை.

இங்கே "நம்ம வீட்டு" என்பதுதான் முக்கியமான சொல். நூச்சாநுல்த் மரபில் பொதுவான திமிங்கிலம் என்று ஒன்று கிடையாது. டுபாட்டி என்று ஒரு கருத்து. ஒரு தலைவரின் குடும்பத்துக்குப் பரம்பரையாக வரும் உரிமைகளின் தொகுதி அது. குறிப்பிட்ட கடற்கரையில் ஒதுங்கும் திமிங்கிலம் யாருக்கு என்பது ஒரு உரிமை. ஒரு பெயர், ஒரு பாட்டு, ஒரு நடனம், ஒரு உருவம், இவையும் உரிமை. எந்த மூதாதை இடிப்பறவையைச் சந்தித்தார், எங்கே சந்தித்தார், என்ன பெற்று வந்தார் என்ற கதையோடு சேர்ந்துதான் அந்த உருவம் வரும். ஊரைக் கூட்டிச் சாட்சி வைத்துக் காட்டினால்தான் உரிமை செல்லும். என் தொழிலில் இதற்குப் பக்கத்தில் வருவது லைசென்ஸ். கோடு கண்முன்னே திறந்து கிடக்கிறது என்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. இங்கே லைசென்ஸ் காகிதத்தில் இல்லை, சாட்சிகளின் ஞாபகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் துண்டுத் தாளில் இருக்கும் படம் கலைப்பொருள் என்பதைவிடப் பட்டாவின் நகல் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இதே காலத்தில் வேறு வகைத் தாளும் ஊருக்குள் வந்தது. மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1910லும், மறுபடி 1913-14 குளிர்காலத்திலும் போர்ட் ஆல்பெர்னிக்கு வந்து தங்கினார். சாயாச்சாபிஸ் என்ற கண்பார்வை இழந்த முதியவர் அவருக்குக் கதை கதையாகச் சொன்னார். அலெக்ஸ் தாமஸ் என்ற இளைஞர் தன் மொழியை எழுதக் கற்றுக்கொண்டு, பிறகு வருடக்கணக்கில் கதைகளை எழுதி ஒட்டாவாவுக்குத் தபாலில் அனுப்பினார். எழுத்தோடு படமும் போனது. வீட்டு முகப்பு, திரை, இடிப்பறவை, திமிங்கிலம் எல்லாம் பென்சிலிலும் வண்ணக்கட்டியிலும். அந்தத் தாள்களுக்கு எண் போட்டு, உறை போட்டு, இன்றைக்கும் பாதுகாக்கிறார்கள். சமையலறை டிராயரில் இருந்த தாள்களுக்கு அந்த யோகம் இல்லை. ஆனால் யாருக்காக வரைந்தது என்று பாருங்கள். ஒட்டாவாவுக்குப் போனது கேள்விக்குப் பதில். டிராயரில் இருந்தது பேரனுக்கு. எனக்கு இரண்டாவதுதான் கனமானதாகப் படுகிறது.

சாதாரணத் தாளில் வரைவதற்கு அமெரிக்காவில் இன்னொரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. சமவெளிப் பழங்குடியினர் முன்பு காட்டெருமைத் தோலில் போர்க்காட்சி வரைந்தார்கள். எருமைகள் அழிந்தபின் வெள்ளைக்காரர்களின் கணக்குப் பேரேட்டில் வரைந்தார்கள். 1875லிருந்து 1878 வரை ஃப்ளோரிடாவின் மேரியன் கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த 72 பேரில் பலர் புத்தகம் புத்தகமாக வரைந்து, அங்கே வந்த சுற்றுலாக்காரர்களுக்கு விற்றார்கள். இன்று அவற்றின் ஒரு பக்கமே பெரும் விலை போகும். பேரேட்டுப் படங்கள் நடந்ததைச் சொல்லும்: இந்த நாள், இந்தச் சண்டை, இந்தக் குதிரை. நூச்சாநுல்த் திமிங்கிலம் நடந்ததைச் சொல்வதில்லை, யார் யாருக்கு உறவு என்று சொல்கிறது. அதனாலேயே அதை விற்பதும் கடினம்.

ட்செஷாட் சமூகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் க்ளுடேசி (1905-1988) இந்தக் கதையில் தவிர்க்க முடியாத ஆள். மீன்பிடி, கட்டட வேலை என்று உழைத்தவர், முதுகெலும்பு முறிந்து படுத்தபின் வரைவதிலும் எழுதுவதிலும் இறங்கினார். பிறகு ஆல்பெர்னி உறைவிடப் பள்ளியில் துப்புரவுப் பணியாளராக வேலை பார்த்தார். ஓவியர் எமிலி கார் தன் உயிலில் தூரிகைகளையும் வரையாத கேன்வாஸ்களையும் இவருக்கு எழுதிவைத்தார். 1967ல் கதைப் புத்தகம் வெளியானது, அதே வருடம் மான்ட்ரியால் உலகக் கண்காட்சியில் அவர் தீட்டிய சுவரோவியமும் இருந்தது. குழந்தைகளிடமிருந்து மொழியையும் பாட்டையும் பிடுங்குவதற்கென்றே நடத்தப்பட்ட ஒரு பள்ளியில், அதையெல்லாம் தெரிந்த மனிதர் கையில் துடைப்பத்தோடு இருந்திருக்கிறார்.

அதே பள்ளியில் 1950களின் கடைசியில் ராபர்ட் ஆலர் என்ற ஓவியர் சம்பளம் வாங்காமல் ஓவிய வகுப்பு எடுத்தார். பார்த்து வரையச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்ததை, வீட்டு ஞாபகத்தில் இருப்பதை வரையுங்கள் என்றார். அந்தத் தாள்களைக் கடைசிவரை தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அவர் இறந்தபின் அவை விக்டோரியா பல்கலைக்கழகத்துக்கு வந்தன. அங்கே இருந்தவர்கள் பழங்குடி மூத்தோரோடு சேர்ந்து, வரைந்தது யார் யார் என்று தேடினார்கள். 2013 மார்ச் மாதம் போர்ட் ஆல்பெர்னியில் விருந்து வைத்து, ஊர் சாட்சியாக, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவரவர் படத்தைக் கையில் கொடுத்தார்கள். பத்து வயதில் வரைந்ததை அறுபதைத் தாண்டி வாங்கினார்கள். பல பேருக்குத் தங்கள் சிறுவயதிலிருந்து மிஞ்சிய ஒரே பொருள் அந்தத் தாள்தான்.

யூக்வாட் கோவிலும் 2025ல் நியூயார்க்கிலிருந்து லாரிகளில் ஏறி ஊர் வந்து சேர்ந்தது. 120 வருடத்தில் அந்த அருங்காட்சியகம் அதை ஒருமுறைகூட முழுசாக நிறுத்திக் காட்டியதில்லை.

குழந்தைகளின் படங்களில் சில, வரைந்தவர்களின் விருப்பப்படியே, இன்னும் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. சொந்தக்காரர் வரைந்தவர்தான். எங்கேயாவது காட்சிக்கு வைக்க வேண்டுமென்றால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.